பின்னால் வரும் மனிதர்

ஏப்ரல் 22, செவ்வாய்

மகள் எப்சிபாவை நேற்றுக் காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். மூன்றாவது பிள்ளை, ஏழாம் மாதம். இரத்தப்போக்கு நின்றிருக்கிறது. ஆனால் பிரசவம் வரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருமகன் கலைமணி குவைத்தில் இருக்கிறான். விடுப்புக் கேட்டிருக்கிறானாம். கேட்டுக்கொண்டே இருப்பான். துணைக்கு அவளுடைய மாமியார் போயிருக்கிறாள். என் மனைவி லில்லி உயிரோடு இருந்தால் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்திருக்க முடியாது.

பிள்ளைகள் இரண்டும் குப்பத்தில், சம்பந்தி அஞ்சப்பன் வீட்டில். அங்கே அவருடைய மூத்த மருமகள் இருக்கிறாள், சமைத்துப் போடுவாள். இங்கே நான் ஒற்றை ஆள். ஆகவே அங்கே. இந்த நியாயத்தைப் போனில் சொன்னது என் மகள்தான். படுத்திருப்பவளிடம் வாதாட முடியாது. ஒன்று மட்டும் கேட்டு வாங்கினேன். மாலை வேளை என்னுடையது. தினமும் நாலு மணிக்குக் கடற்கரையில் செங்கல் திட்டருகே பிள்ளைகளை அவர் கொண்டுவந்து விட வேண்டும். நான் டேனிஷ் கோட்டை வரை நடத்திப் போய், இருட்டுவதற்குள் அதே இடத்தில் கொண்டுவந்து விடுவேன்.

"அப்பா, உங்களால முடியுமாப்பா? ஆதன் கையில நிக்க மாட்டான்."

"நீ நின்னியா என் கையில?"

அழுதாள். வலியால் இருக்கும்.

செங்கல் திட்டு என்பது டேனிஷ்காரன் காலத்து மதிலில் கடல் தின்றது போக மிஞ்சிய துண்டு. அதற்கு வடக்கே குப்பம், தெற்கே எங்கள் தெருக்கள். நடுவில் வைத்து ஒப்படைப்பது எனக்கும் வசதி. அஞ்சப்பன் வாசலை நான் மிதிப்பதில்லை. ஏழு வருடத்துக்கு முன் கல்யாண விருந்துக்கு அழைப்பிதழை ஓர் ஆட்டோக்காரன் கையில் கொடுத்தனுப்பியவர் அவர். பெண்ணைப் பெற்றவனை நேரில் வந்து, தட்டு வைத்து அழைக்க வேண்டும். இதில் இந்து என்ன, கிறிஸ்தவன் என்ன.

ஏப்ரல் 23, புதன்

முதல் நாள். நான் போவதற்கு முன்பே அவர் வந்து திட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். தோளில் ஆதன், பக்கத்தில் நறுமுகை. பெயர்கள் இரண்டும் கலைமணி எங்கிருந்தோ தேடி வைத்தவை. வேதத்திலும் இல்லை, அவர்கள் சாமியின் பெயரும் இல்லை. பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்கு நாலு. நான் ரேடியோ தாத்தா. அவர் கடல் தாத்தா.

நாங்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. நறுமுகை வழியாகப் பேசினோம்.

"நறு, கருங்கல்லு ஓரமா போவக் கூடாதுன்னு ரேடியோ தாத்தாகிட்ட சொல்லு."

"நறு, நானும் இந்தக் கரையிலதான் பொறந்தேன்னு சொல்லு."

"வெயில் தாழ்ந்து போனா போதும்னு சொல்லு."

"எனக்கு மணி பாக்கத் தெரியும்னு சொல்லு."

பெண் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. "நீங்க ரெண்டு பேரும் சண்டையா, இல்ல ரெண்டு பேருக்கும் காது கேக்காதா?"

கடலோரக் கோவிலைத் தாண்டி, கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல் தடுப்பை ஒட்டியே கோட்டைக்கு நடந்தோம். ஆயிரத்து அறுநூற்று இருபதில் டேனிஷ்காரன் கப்பலில் வந்து, தஞ்சாவூர் நாயக்க ராஜாவிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டிய கதையைச் சொன்னேன். இதையெல்லாம் எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டாவதோடு நின்றவன். பொறையாற்றில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்துகொண்டே நானாகப் படித்தது. நறுமுகை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப ஐஸ் வண்டி எங்க நிக்கும்?" என்றது.

திரும்பும்போது ஓர் ஆடு வந்து என் காலில் முட்டிவிட்டது. விழப் பார்த்தேன்.

"ஆடு சும்மாதான் படுத்திருந்துச்சு தாத்தா. நீங்கதான் மிதிச்சீங்க."

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் கவனிப்பதில்லை.

ஏப்ரல் 26, சனி

அஞ்சப்பன் இன்று ஆதனின் தண்ணீர் பாட்டிலை என் பக்கமாக நீட்டியபடி வெகுநேரம் நின்றிருந்தாராம். நான் வாங்கவில்லையாம். போகும் வழியில் நறுமுகை சொல்லிற்று. அவர் நீட்டியதை நான் பார்க்கவில்லை. அவர் இருக்கும் பக்கம் நான் பார்ப்பதே இல்லை, அதுதான் காரணம். பிறகு பாட்டிலை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். அப்போது வாங்கிக்கொண்டேன். ஒருமாதிரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆலயத்தில் ஒலிபெருக்கிக்கு மயிலாடுதுறையிலிருந்து ஒரு பையனை வைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் பார்த்தவன் நான். போதகர் என் தோளைத் தட்டி, "ஆரோன் ஐயா, நீங்க இனிமே ஓய்வா உக்காந்து ஆராதனையைக் கேளுங்க" என்றார். ஈஸ்டர் காலையில் மெழுகுவர்த்தித் தண்டு ஒன்று கீழே விழுந்ததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். நடக்கும் வழியில் தண்டை வைத்தவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாடல் முடியும் முன்பே ஒலிபெருக்கி இரைந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

அஞ்சப்பன் எங்கள் பின்னால் வருகிறார்.

நேற்றே சந்தேகம். இன்று கோவில் முனையில் ஆதனுக்குச் செருப்பு மாட்டத் திரும்பியபோது பார்த்துவிட்டேன். கொஞ்சம் பின்தள்ளி, கருங்கல் ஓரமாக, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நான் நின்றதும் அவரும் நின்று கடலைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்க்காத கடல் பாருங்கள்!

பிள்ளைகளை நான் கடத்திக்கொண்டு போய்விடுவேன் என்று நினைக்கிறாரா? ஐஸ் வாங்கிக் கொடுத்து அவர்களுடைய மனத்தை மாற்றிவிடுவேன் என்று பயமா? பெற்றவளுக்கே அப்பன் நான். எனக்குக் காவலா?

மே 2, வெள்ளி

கோட்டைக்குள் போகவில்லை. வெளியே புல்தரையில் உட்கார்ந்து கடலை தின்றோம். அவர் ஐஸ் வண்டிக்காரனோடு பேசிக்கொண்டு நின்றார்.

போன வருடம் ஆலயக் கூடத்தில் நடந்த கண் முகாமில் எனக்கு ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். கண்ணில் அழுத்தமாம். வாழ்நாள் முழுக்க விட வேண்டுமாம். விட்டால் கண் எரிந்தது. அதனால் நானே ஒரு சோதனை வைத்தேன். கடையில் மிஞ்சிய ரெசிஸ்டர்களை, ரேடியோவுக்குள் வைக்கும் அரிசியளவு உதிரிகளை, மேசையில் கொட்டி, அவற்றிலுள்ள பொடி வண்ணக்கோடுகளைக் கண்ணாடி இல்லாமல் படித்தேன். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. ஒன்றும் தவறவில்லை. பேப்பரில் வரி விளம்பரம் வரை படிக்கிறேன். இந்தக் கண்ணுக்கு மருந்து விடச் சொல்பவனுக்குத்தான் கண் சோதிக்க வேண்டும். பாட்டிலை அன்றே குப்பையில் போட்டேன்.

இன்று மறுபடியும் ரெசிஸ்டர்களைக் கொட்டிப் பார்த்தேன். சரியாகவே படித்தேன். ஏன் பார்க்கத் தோன்றியது என்று தெரியவில்லை.

மே 5, திங்கள்

பிள்ளைகள் கண்ணாமூச்சியில் தேறிவிட்டார்கள். கோட்டை மதில் நிழலில் நான் எண்ணுவேன், அவர்கள் ஒளிவார்கள். அந்தப் புல்தரையில் ஒளிய ஒரு செடிகூடக் கிடையாது. ஆனாலும் என்னால் பிடிக்க முடியவில்லை. "நறு! ஆதா!" என்று கத்திக்கொண்டு நாலு பக்கமும் திரும்புவேன். திடீரென்று என் வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

"எங்கடா இருந்தீங்க?"

"இங்கதான் தாத்தா! உங்க பக்கத்துலயே!"

"பொய் சொல்லக் கூடாது."

"கடல் தாத்தாகிட்ட ஒளிஞ்சா உடனே புடிச்சுடுவாரு. உங்ககிட்டதான் ஜாலி" என்றது நறுமுகை.

அதைக் கேட்டுச் சந்தோஷமாக இருந்தது. அவரிடம் கிடைக்காத ஒன்று என்னிடம் கிடைக்கிறது.

மே 8, வியாழன்

கத்திரி வெயில். நெற்றியில் வீக்கம். சன்னல் கதவை யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் நான் ஒருவன்தான்.

மே 11, ஞாயிறு

ஆராதனைக்குப் போகாமல் காரைக்கால் போய் எப்சிபாவைப் பார்த்தேன். இளைத்துவிட்டாள். குழந்தை மட்டும் நன்றாக உதைக்கிறதாம். மாமியார் எழுந்து எனக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். அந்த மட்டுக்கு மரியாதை தெரிந்தவள்.

"நெத்தியில என்னப்பா?"

"சன்னல்."

"சன்னலா வந்து இடிச்சுச்சு? கண்ணுக்கு மருந்து விடறீங்களா?"

"விட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

கர்ப்பமாக இருப்பவளைக் கவலைப்பட வைக்கக் கூடாது. அவள் என் கையைப் பிடித்து வெகுநேரம் வைத்திருந்தாள். "புள்ளைங்க உங்களப் பத்தியே பேசறாங்களாம்பா. சாயங்காலம் எப்ப வரும்னு மதியத்துலேருந்தே கேக்கறாங்களாம். அத்தை சொன்னாங்க." பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

லில்லி போன பிறகு என்னை எதிர்பார்த்து யாரும் எங்கும் நின்றதில்லை.

மே 13, செவ்வாய்

இன்று தாங்க முடியவில்லை. கோவில் முனையில் நின்று நறுமுகையிடம் சொன்னேன். "பின்னால ஒருத்தர் வர்றாரே, அவருக்கு என்ன வேணும்னு கேட்டுட்டு வா."

ஓடிப்போய்க் கேட்டுவிட்டு ஓடிவந்தது. "காத்து வாங்க வந்தாராம்."

"குப்பத்துல காத்து இல்லையான்னு கேளு."

மறுபடி ஓட்டம். "அங்க மீன் நாத்தமாம். இங்கதான் படிச்சவங்க காத்து அடிக்குதாம்."

ஆதன் எதற்கென்று தெரியாமலே சிரித்தான். பெண்ணுக்கு மூச்சிரைத்தது. "நீங்களே போய்ப் பேசுங்க தாத்தா, எனக்குக் கால் வலிக்குது" என்று மணலில் உட்கார்ந்துவிட்டது.

உச்சிவெயில் மாதிரி எரிச்சலோடு வீடு வந்தேன். எழுபது வயதை நெருங்குபவனை வேவு பார்ப்பது என்ன பண்பு? எப்சிபாவுக்குப் பிரசவம் ஆகட்டும். பிறகு இதை நாலு பேர் முன்னால் கேட்பேன்.

மே 15, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

காற்று அதிகம். அலை கருங்கல்மேல் ஏறி அடித்துக்கொண்டிருந்தது. கோவிலைத் தாண்டியதும் ஆதன், கை வேர்க்கிறது என்று என் கையை விட்டான். விடச் சொன்னவன் அவன். என் இடதுபக்கம்தான் நடந்தான். வலதுபக்கம் பெண். நான் கப்பல் கதையைச் சொல்லிக்கொண்டு நடந்தேன். நடுவில், "ஆதா, கேக்குதா?" என்றேன். "ம்" என்று பதில் வந்தது. அது நறுமுகையின் குரல் என்று பிறகு தெரிந்தது.

பின்னாலிருந்து ஒரு சத்தம். "சம்பந்தி! நில்லுங்க! புள்ள!"

ஏழு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நின்றேன். முழுவதும் திரும்பிப் பார்த்தேன். பையன் இல்லை. அஞ்சப்பன் கருங்கற்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தார். ஓர் அலை வந்து அவரை மார்புவரை மூடியது. அது வடிந்தபோதும் அவர் குனிந்தே இருந்தார். அடுத்த அலைக்கு முன் எழுந்தார். தோளில் ஆதன், நனைந்த துணிபோல. ஒரு நண்டைத் துரத்திக்கொண்டு கல்லிடுக்கில் இறங்கியிருக்கிறான்.

மேலே கொண்டுவந்து படுக்க வைத்து முதுகில் தட்டினார். தண்ணீர் கக்கினான், பிறகு அழுதான். அழுததும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பையனின் முழங்கால் இரண்டிலும் இரத்தம். ஒரு செருப்பைக் காணோம்.

"எங்க பாத்துக்கிட்டு நடந்தீங்க?" என்றார்.

"நேரா பாத்துத்தான் நடந்தேன்."

"நேரா பாத்தீங்க. புள்ள பக்கத்துலல்ல போனான்? உங்கள உரசிக்கிட்டுல்ல எறங்கினான்!"

"பேப்பர்ல பொடி எழுத்துப் படிக்கிறவன்யா நான். என் கண்ணப் பத்தி..."

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்தார். "இது என்னா, சொல்லுங்க."

"எது?"

"என் கையில இருக்கிறது."

தலையைத் திருப்பப் போனேன்.

"திரும்பாதீங்க. திரும்பாம சொல்லுங்க."

எனக்குக் கடல் தெரிந்தது. கோட்டை தெரிந்தது. கோட்டைமேல் பறக்கும் காக்கைகூடத் தெரிந்தது.

நறுமுகை சிரித்தது. விளையாட்டு என்று நினைத்துவிட்டது. "அங்க நின்னா அவருக்குத் தெரியாது கடல் தாத்தா. நாங்க அங்கதான் ஒளிஞ்சுக்குவோம். இந்தப் பக்கம் நின்னாலும் தெரியாது."

யாரும் சிரிக்காததைப் பார்த்து அதுவும் நிறுத்திக்கொண்டது.

அவர் கையிலிருந்தது ஆதனின் மற்றச் செருப்பு. என் காதோரம் பிடித்திருந்தார்.

"இத்தன நாளா உங்க பின்னாடி நான் என்ன பொழுதுபோகாமயா வர்றேன்?" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

பையனைத் தோளில் போட்டு, பெண்ணைக் கையில் பிடித்து வடக்கே நடந்தார். நான் அங்கேயே கல்லில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து வர நேரமாகிவிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு தெருவுக்குள் வந்தேன். தெருவிளக்கு வெளிச்சம் போதாது. பேரூராட்சிக்கு எத்தனை முறை சொல்வது.

மே 16, வெள்ளி

போகவில்லை.

மே 17, சனி

போகவில்லை. நாலு மணி ஆனதும் சட்டையை மாட்டினேன். பிறகு கழற்றினேன்.

மே 18, ஞாயிறு

எப்சிபா போன் செய்தாள்.

"அப்பா, ஆதன் முட்டியில காயமாமே? மாமாகிட்ட கேட்டா, 'ஓடுற புள்ள, விழுந்துட்டான், அவ்ளோதான்'ங்கறாரு. எங்க விழுந்தான்? நீங்க இருக்கும்போதா?"

ஆக, அவர் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். மாலைநேரம் என்னைவிட்டுப் போக அவர் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் சொன்னதையே நானும் சொல்லியிருந்தால் திங்கட்கிழமை மறுபடி திட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் அந்த மனிதர் சொன்ன பொய்க்குள் நான் குடியிருக்க முடியாது. அவர் எனக்கு ஒன்றும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு யாரும் எதுவும் விட்டுக்கொடுத்ததில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கருங்கல், அலை, நண்டு, செருப்பு.

"என் கண்ணுல பக்கவாட்டுப் பார்வை இல்லன்னு உங்க மாமனார் சொல்றாரு. நான் ஒத்துக்கல. ஆனா உனக்குத் தெரியணும்னு சொல்றேன்."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுபடவில்லை. மூச்சு கேட்டது.

"மருந்து விடறேன்னு சொன்னீங்களேப்பா."

"விடல."

"இனிமே கடற்கரைக்கு வேண்டாம்ப்பா. புள்ளைங்க அங்கயே இருக்கட்டும். நான் எழுந்து வர்ற வரைக்கும்."

"சரி" என்றேன்.

வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் அதிகம் உபயோகித்ததில்லை.

மே 21, புதன்

காரைக்காலில் கண் டாக்டரிடம் போனேன். எப்சிபாவின் தொந்தரவு தாங்க முடியாமல்தான். அஞ்சப்பனும் அதே பஸ்ஸில் ஏறினார். மனைவிக்கு மாற்றுத் துணி கொண்டுபோகிறாராம். நடத்துனரிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு இரண்டு இருக்கை பின்னால் உட்கார்ந்தார்.

ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு விளக்கு. அதையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சப் பொட்டு தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். காத்திருந்தேன். பொட்டு வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து நடுவில் ஒன்று வந்தது, அழுத்தினேன். மறுபடி ஒன்றும் இல்லை.

"மெஷின் பழுதுன்னு நினைக்கிறேம்மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "எனக்கு இந்த வேலை தெரியும். பின்பக்க மூடியைக் கழட்டிக் குடு, பாத்துத் தர்றேன்."

"மெஷின் நல்லாதாங்கய்யா இருக்கு. முடிஞ்சிடுச்சு."

"முடிஞ்சிடுச்சா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"

அவள் தாளை எடுத்தாள். வட்டம் முழுக்கக் கறுப்பு. நடுவில் மட்டும் ஒரு காசு அளவுக்கு வெள்ளை.

டாக்டரும் சின்னப் பெண்தான். பொறுமையாகச் சொன்னாள். "போனது திரும்பி வராதுங்கய்யா. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம். மருந்த விடாம போடணும். இந்த நோய்ல நேர்ப்பார்வை கடைசியிலதான் போகும். அதனால படிக்க முடியுது, கண்ணு நல்லாருக்குன்னு எல்லாரும் ஏமாந்துடறாங்க."

எல்லாரும் என்று என்னையும் சேர்த்தது பிடிக்கவில்லை. ஆனால் ரெசிஸ்டர் சோதனையைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. முப்பது வருடம் பெட்டிகளைப் பழுது பார்த்தவன், படம் நடுவில் மட்டும் தெரிந்தால் டிவி நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருப்பேனா?

ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பின்னால் ஒரு குரல். "படி உசரமா இருக்கு. பாத்து." யாரிடம் என்று இல்லாமல் சொன்னார். நான் பார்த்து இறங்கினேன்.

மே 23, வெள்ளி

மாலை வாசலில் நறுமுகை. தெருவின் எதிர்ப்பக்கம் ஆதனைத் தூக்கிக்கொண்டு அஞ்சப்பன். பையனின் முழங்காலில் காய்ந்த பொருக்கு.

"ரேடியோ தாத்தா, நீங்க ஏன் வர்றதில்ல?"

"வேலை இருக்கு."

"கடல் தாத்தா அம்மாகிட்ட போன்ல பேசிட்டாரு. அவரும் கூட வந்தா போலாமாம். அம்மா சரின்னுடுச்சு."

"கூட வந்தான்னா?"

"உங்க கையப் புடிச்சுக்குவாராம்."

"கையப் புடிச்சு நடத்த நான் புதுசா நடை பழகலன்னு சொல்லு."

தெருவே கேட்க அதை எதிர்ப்பக்கம் கத்தியது. அங்கிருந்தும் பதில் கத்தலாகவே வந்தது. "அப்ப வேற என்னதான் பண்ணணும்னு கேளு! நானும் என் வேலையெல்லாம் விட்டுட்டுத்தான் நிக்கிறேன்!"

எதிர்வீட்டு மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். ஆதன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது.

"நாளைக்கு நாலு மணிக்குத் திட்டுக்கு வர்றேன்னு சொல்லு. அங்க சொல்றேன்னு சொல்லு."

உள்ளே வந்து உட்கார்ந்தேன். ரொம்பச் சோர்வாக இருக்கிறது. மருந்து எரிகிறது.

மே 24, சனி

திட்டில் மூன்று பேரும் இருந்தார்கள். நானே பேசினேன்.

"நீங்க முன்னால போங்க. ரெண்டு பேர் கையும் உங்ககிட்ட இருக்கட்டும். நான் பின்னால வர்றேன்."

"பின்னால வந்தா உங்களுக்கு என்ன சம்பந்தி சொகம்? புள்ளைங்க உங்ககூட நடக்கத்தான ஆசப்படுது?"

"பக்கத்துல நடந்தா யாரும் எனக்குத் தெரியல. பின்னால வந்தா மூணு பேரும் தெரிவீங்க."

அவர் பிள்ளைகள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். "சரி, வாங்க" என்றார்.

நடந்தோம். உண்மைதான். கொஞ்சம் தள்ளி நடந்தால் போதும். பையனின் தலை, பெண்ணின் இரட்டைப் பின்னல், நடுவில் அவருடைய முதுகு, எல்லாம் அந்தக் காசளவு இடத்துக்குள் முழுமையாக வந்துவிடுகின்றன. ஆதன் இடப்பக்கம் இழுக்கிறான், அவர் பிடித்து நிறுத்துகிறார். நறுமுகை அடிக்கடி திரும்பி நான் வருகிறேனா என்று பார்க்கிறது. கப்பல் கதையை அதுவே தம்பிக்குச் சொல்லிக்கொண்டு போயிற்று. நாயக்க ராஜாவுக்கு டேனிஷ்காரன் ஐஸ் வாங்கிக் கொடுத்தானாம். நான் திருத்தவில்லை. அவ்வளவு தூரத்துக்குக் குரல் எழுப்பத் தெம்பு இல்லை.

கோவிலைத் தாண்டி, கருங்கல் தொடங்கும் இடத்தில் இன்னொன்றைப் பார்த்தேன். அஞ்சப்பனுக்கு வலது முழங்கால் மடங்குவதில்லை. வழியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லிலும் இடது காலை முதலில் வைத்து, வலது காலை மரக்கட்டைபோல் இழுத்துக்கொள்கிறார். மேடு வந்தால் ஒரு கணம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறார். பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது, அவர்களும் நின்று காத்திருந்து ஏறுகிறார்கள். இந்தக் காலை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் என் பின்னால் வந்திருக்கிறார். அன்றைக்கு அலைக்குள் இறங்கியதும் இந்தக் காலோடுதான்.

முன்னால் நடந்தவனுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை.

நாளைக்குக் கருங்கல் வேண்டாம், மணல்பக்கமாகவே போகலாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.